பிரிக்காத ஒன்பது பொட்டலங்கள்

ராயபுரம், திருப்பூர்
14 செப்டம்பர் 2025, ஞாயிறு

அன்புத் தங்கை அமலிக்கு,

அண்ணன் அருள்குமார் எழுதுவது. நானும் உன் அண்ணியும் மகள் பிரியங்காவும் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மண்டியிட்டு ஜெபிப்பதே வேலையாக இருக்கிறவள் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாளோ என்று அண்ணி தினமும் புலம்புகிறாள்.

உடுமலைப்பேட்டை இங்கிருந்து இரண்டு மணி நேரப் பஸ். ஆனால் உங்கள் அடைப்பு மடத்தின் சட்டப்படி உனக்கு ஃபோன் கிடையாது, வாசலுக்கு வெளியே கால் வைக்கக் கூடாது. பதினெட்டு வருஷமாகக் கடிதத்திலேயே உறவை ஓட்டுகிறோம். ஒரு பனியன் கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர் தபால் பெட்டியைத் தேடி அலைவதைப் பார்த்து ஊரே சிரிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் வரியை ஏற்றியதிலிருந்து ஆர்டர் பாதியாகிவிட்டது. எங்கள் பெரிய முதலாளி சிவசுப்பிரமணியம் ஐயா கோயில் வேலை என்று ஒதுங்கிக்கொண்டார். வெளிநாட்டில் படித்து வந்த மகன் குகன்தான் இப்போது எல்லாம். நீளமான லைனில் அறுபது பேர் உட்கார்ந்து தைப்பது பழைய முறையாம். இனிமேல் பத்துப் பத்துப் பேராகச் சின்னக் குழுக்கள். அதற்கு ஒரு பெயர் வேண்டும். "ரோமானியப் படை மாதிரி கெத்தா ஒரு பேரு சொல்லுங்கண்ணா. சரக்கு வாங்கற பையருக்குக் காட்டோணும்" என்றார். என் வாய் சும்மா இருக்குமா? "எந் தங்கச்சி லத்தீன் படிச்சவங்க தம்பி" என்று பெருமை அடித்துவிட்டேன். என் மானத்தைக் காப்பாற்று.

நீ சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட உன் சிநேகிதி மருதாள் ஓவர்லாக் மெஷினில் நன்றாகத் தைக்கிறாள். "அமலிகிட்ட எனக்கொரு ஜெபம் போட்டு வெக்கச் சொல்லுங்கண்ணா. முருகன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணன் அருள்குமார்

*

அடைப்பு மடம், உடுமலைப்பேட்டை
25 செப்டம்பர் 2025

என் அன்பு அண்ணனுக்கு,

கிறிஸ்துவின் அமைதி உங்கள் மூவருக்கும். என் முழங்கால் ஜெபத்தில் தேயவில்லை, தோட்டத்தில் தென்னைமட்டை இழுத்துத்தான் தேய்ந்தது என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை நினைத்துச் சாப்பாட்டு மேசையில் சிரித்துவிட்டேன். அங்கே சத்தம் வரக் கூடாது. மதர் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள்.

சொற்களுக்கா பஞ்சம்? நூலகத்து லத்தீன் அகராதியில் கரையான் தின்றது போக மிச்சத்தைத் தருகிறேன். எனக்கு உயிரானது கொன்டுபெர்னியம். ஒரே கூடாரத்தில் படுத்துக்கொள்ளும் எட்டுச் சிப்பாய்கள் அவர்கள். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு கோவேறு கழுதை, மாவரைக்க ஒரு திருகை. யார் பேரரசராக இருந்தாலும் அந்த எட்டுப் பேருக்கு உலகம் அந்தத் திருகைதான். மனிப்புலுஸ் என்றால் கைப்பிடி. ஆதியில் கம்பு நுனியில் ஒரு கைப்பிடி வைக்கோலைக் கட்டிக் கொடியாகத் தூக்கிப் போனார்கள் என்று கதை. சென்டூரியா என்றால் பெயருக்குத்தான் நூறு, நின்றது எண்பது பேர், உங்கள் வருகைப் பதிவேடு மாதிரி. கொஹோர்ஸ் ஐந்நூறு பேர் வரை. அந்தச் சொல் முதலில் வேலி போட்ட முற்றத்தைக் குறித்ததாம், நம் ஊர் ஆட்டுப்பட்டியேதான். படையில் மட்டுமல்ல, ஊருக்குள்ளும் குழுக்கள் உண்டு. துணி வெளுப்பவர்கள், கம்பளி விற்பவர்கள் எல்லாம் சேர்ந்து கொலேகியம் என்று வைத்துக்கொண்டார்கள். தங்களில் ஒருவர் செத்தால் எடுத்துப்போட நாலு பேர் வேண்டுமே!

உங்களுக்கு வேண்டியது பத்து. அது டெக்கூரியா. தலைவன் டெக்கூரியோ. குதிரைப்படையில் பத்துப் பேர், ஊர்ச்சபைகளிலும் அந்தப் பெயர் உண்டு.

மருதாளும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். இரண்டு பேர் கொன்டுபெர்னியம். அவளுக்குப் பொய் சொல்லவே வராது அண்ணா. "யாரு பேசினது?" என்று டீச்சர் கேட்டால், "நான்தானுங் டீச்சர், அமலியும்தானுங்" என்பாள். என்னையும் சேர்த்து அடி வாங்க வைத்தவள். புருஷனும் போய்த் தனியாக இருக்கிறாள். பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஜெப நேரத்தில் என்னையும் நினைக்கும்படி கேட்கும்
அமலி

*

ராயபுரம்
19 அக்டோபர் 2025, ஞாயிறு

அன்புள்ள அமலிக்கு,

நாங்கள் மூவரும் நலம். நாளைக்குத் தீபாவளி, தெருவெல்லாம் வெடிச் சத்தம். உன் தைலம் தீர்ந்திருக்கும் என்று இதோடு இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன்.

குகன் டெக்கூரியாவையே எடுத்துக்கொண்டார். மொத்தம் நூற்றிருபது பேர், பன்னிரண்டு டெக்கூரியா. நீலப் பலகையில் தங்க எழுத்தில் எழுதித் தொங்கவிட்டாயிற்று. ஆனால் நம் ஜனங்கள் வாயில் அது நுழையுமா? "நீ எந்தப் பத்து?" "நான் ஏழாம் பத்து." அவ்வளவுதான்.

மருதாள் நாலாம் பத்து. அதன் தலைவன் முனீஸ், ராமநாதபுரத்துப் பையன். அமலி, நீ சொன்ன திருகை இங்கேயும் வந்துவிட்டது. முன்னே மதியம் ஆளுக்கொரு மூலையில் சாப்பிடுவார்கள். இப்போது ஒவ்வொரு பத்தும் வட்டமாக உட்கார்ந்து குழம்பை மாற்றிக்கொள்கிறது. நாலாம் பத்தில் மருதாளின் அரிசிம்பருப்புச் சோற்றுக்கு அடிதடி. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்ற ஒன்பது பேரும் அவள் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்கிறார்கள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் செய்த நல்ல காரியம் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. பாதிப் புண்ணியம் உனக்கு.

அன்புடன்
அண்ணன்

*

அடைப்பு மடம்
24 நவம்பர் 2025

அன்பு அண்ணனுக்கு,

உங்கள் எல்லோருக்கும் இறைவனின் ஆசி கிடைக்கட்டும். தைலம் வந்தது. வயதான நான்கு சகோதரிகளும் நானும் தேய்த்துக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தால் தூப வாசனையே தோற்றுப்போகிறது.

நாலாம் பத்தின் சாப்பாட்டு வட்டத்தைப் பற்றிப் படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அகராதியில் செத்துக் கிடந்த ஒரு சொல் உங்கள் பெருமாநல்லூர் கம்பெனியில் எழுந்து உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறதே!

வரும் ஞாயிறு திருவருகைக் காலம் ஆரம்பம். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, வந்த கடிதங்களைப் பிரிப்பதும் இல்லை. எல்லாம் மதரின் மேசை இழுப்பறையில் கிடக்கும். தவக்காலத்திலும் அப்படித்தான், சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை. ஆகவே என் மௌனத்தைக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மருதாள் தைப்பூசத்துக்கு மாலை போடுகிறாளா, பங்குனி உத்திரத்துக்கா? பன்னிரண்டு வருஷமாகப் பழனிக்கு நடப்பவள். அவளிடம் கேட்டு எழுதுங்கள்.

உங்கள்
அமலி

*

ராயபுரம்
11 ஜனவரி 2026, ஞாயிறு

அமலிக்கு,

நலம்தான். உன் நலம் எழுது. கிறிஸ்துமஸ் வாழ்த்துகூடப் போடவில்லை, மன்னித்துக்கொள். வேலை.

டிசம்பரில் பையரின் ஆட்கள் ஆடிட்டுக்கு வந்தார்கள். தையல்காரர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்குகிறார்களா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்ல வேண்டும் என நான் எல்லோருக்கும் முன்பே சொல்லி வைத்திருந்தேன். ஒரே ஒரு ஆள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். ஒரு ஆர்டர் கை நழுவியது. குகன் என்னிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதை விடு. குகன் ஒரு ஆர்வத்தில் கேட்டார்: ரோமில் இந்த டெக்கூரியா தப்புச் செய்தால் என்ன தண்டனை கொடுப்பார்கள்? நேரம் இருந்தால் எழுது.

மருதாள் சௌக்கியம்.

அண்ணன்

*

அடைப்பு மடம்
8 பிப்ரவரி 2026

அன்பு அண்ணனுக்கு,

நாங்கள் நலம். முழங்கால் பனிக்கு மக்கர் செய்கிறது. நீங்கள் நலம் என்று எழுதியிருந்தாலும் அதை நம்ப முடியவில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு கிண்டல்கூட இல்லை.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். டெசிமாத்சியோ என்று ஒரு தண்டனை இருந்தது. பத்தில் ஒன்றைக் கழிப்பது. போரில் பின்வாங்கிய படையைப் பத்துப் பத்தாகப் பிரித்துச் சீட்டு எடுக்கச் சொல்வார்கள். கெட்ட சீட்டு யாருக்கு விழுகிறதோ அவனை மற்றவர்களே கம்பால் அடித்துக் கொல்ல வேண்டும். நேற்றுவரை ஒரே திருகையில் மாவரைத்தவர்கள்! பிழைத்தவர்களுக்குக் கோதுமையை நிறுத்திவிட்டு, கழுதைக்குப் போடுகிற வாற்கோதுமை. பாசறைக்கு வெளியே படுக்கை. இதில் தளபதிக்கு என்ன வசதி தெரியுமா? கொன்றது அவன் கை அல்ல. தேர்ந்தெடுத்ததும் அவன் அல்ல, சீட்டு.

தயவுசெய்து இதைக் குகனிடம் படித்துக் காட்டாதீர்கள். ரோமாபுரிக்காரர்களுக்கே இது வெட்கக்கேடு.

ஆடிட்டில் உள்ளதைச் சொன்ன அந்த ஆள் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே தெரியும். அவளுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

18ஆம் தேதி சாம்பல் புதன். இனி ஈஸ்டருக்குத்தான் கடிதம். அதற்குள் ஏதாவது என்றால், அண்ணா, நீங்கள் நல்லவர் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அமலி

*

ராயபுரம்
1 மார்ச் 2026, ஞாயிறு

அமலி,

இந்தக் கடிதம் ஈஸ்டர் வரை இழுப்பறையில் கிடக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். தெரியாதிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அவ்வளவு கோழை நான்.

உன்னிடம் அந்தத் தண்டனையைக் கேட்டது குகன் அல்ல. நான்தான் கேட்டேன். ஜனவரியிலேயே குகன் சொல்லிவிட்டார்: "பத்துக்கு ஒருத்தரு போகோணுங்கண்ணா. யாருன்னு நீங்களே பாத்துக்குங்க. நாலாம் பத்துல யாருன்னு நான் சொல்லோணுமா? ஸ்டாஃப்லயும் பத்துக்கு ஒருத்தருதான், ஞாபகம் வெச்சுக்குங்க." எனக்கு நாற்பத்தொன்பது வயது. அந்தப் பத்தில் ஒருத்தன் நான்தான் என்பது எனக்குப் புரிந்தது. பழி என்மேல் விழாமல் பன்னிரண்டு பேரை அனுப்ப வழி தேடினேன். வழி உன் கடிதத்தில் வந்தது. கொன்றது அவன் கை அல்ல என்று நீ எழுதிய வரியை நான் கண்டனமாகப் படிக்கவில்லை. ஆசையாகப் படித்தேன்.

சீட்டு என்றால் சண்டை வரும். அதனால் பூக்கேட்பது என்று முடிவு செய்தேன். கொங்கு நாட்டில் கல்யாணமா, கிணறு வெட்டவா, எதற்கும் சாமி முன்னால் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு எடுப்பார்களே, அதுதான். வெள்ளை வந்தால் சாமி சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். அதை எதிர்த்து ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். "சூப்பருங்கண்ணா!" என்றார் குகன். அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை மதியம் என் அறையைச் சாத்திக்கொண்டு பேப்பர் துண்டில் பூவை மடித்து, ஓவர்லாக் நூலால் கட்டினேன். ஒரு பத்துக்கு ஒன்பது நந்தியாவட்டை, ஒரு செவ்வரளி. சிவப்பு எடுத்தவர் வேலையை விட்டுப் போக வேண்டும், சிவப்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டும், மிச்சத்தைப் பிரிக்கக் கூடாது என்று விதி வைத்தேன். நாலாம் பத்துக்கு மட்டும் பத்திலும் செவ்வரளி.

வெள்ளிக்கிழமை காலை கட்டிங் செக்ஷனில் மாட்டியிருக்கும் முருகன் படத்துக்கு முன்னால் தட்டை வைத்தேன். ஞாயிறு பூசைக்குப் போகிற நான், அவர்கள் சாமியைச் சாட்சிக்கு நிறுத்தினேன். மூன்று பத்துகள் முடிந்தன. நாலாம் பத்து வந்தது. "மூத்தவங்க மொதல்ல எடுங்க" என்று மருதாளைப் பார்த்துச் சொன்னேன். அவள் கண்ணை மூடி, "முருகா, நீ காட்டு" என்று சொல்லி எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு. மற்ற ஒன்பது பேரும் அப்படியே மூச்சு விட்டார்கள், அமலி. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மிச்சப் பொட்டலங்களை நான் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் அழவில்லை. சண்டை போடவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, "வர்றேனுங்கண்ணா" என்று போய்விட்டாள்.

அந்த ஒன்பது பொட்டலமும் என் பீரோவில் இருக்கின்றன. தூக்கி எறியக் கை வரவில்லை. அண்ணிக்குத் தெரியாது. நான் நல்லவர் என்று நீ எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை நான் மறுபடி எடுக்கவே இல்லை.

அருள்குமார்

*

ராயபுரம்
22 மார்ச் 2026

மரியாதைக்குரிய மதர் அவர்களுக்கு,

தங்களுக்கும் மடத்துச் சகோதரிகள் அனைவருக்கும் வணக்கம். சகோதரி அமலோற்பவத்தின் அண்ணன் அருள்குமார் எழுதிக்கொள்வது. மார்ச் முதல் வாரம் தங்கைக்கு நான் அனுப்பிய கடிதத்தில் தவறுதலாக வேறு தாள்கள் சேர்ந்துவிட்டன. தவக்காலம் என்பதால் அது பிரிக்கப்படாமல் தங்கள் இழுப்பறையில்தான் இருக்கும். அருள்கூர்ந்து அதை அப்படியே எனக்குத் திருப்பி அனுப்பினால் நன்றி உள்ளவனாக இருப்பேன். தபால் தலை ஒட்டிய கவர் இணைத்துள்ளேன்.

தங்கள் பணிவுள்ள
ச. அருள்குமார்

*

அடைப்பு மடம்
6 ஏப்ரல் 2026, ஈஸ்டர் திங்கள்

அண்ணா,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்களோடு இருக்கட்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. உங்களுக்கு இப்போது அது வேண்டும்.

மதர் உங்கள் மார்ச் முதல் தேதிக் கடிதத்தை என் கையில் கொடுத்தார்கள். நீங்கள் அவர்களுக்கு எழுதியதையும், தபால் தலை ஒட்டிய கவரையும்கூட. ஒன்றும் கேட்கவில்லை.

உங்களைத் திட்டலாம் என்று பேனாவை எடுத்தேன். முதலில் என் வெட்கத்தைச் சொல்லாமல் அது முடியாது.

மார்ச் 14ஆம் தேதி மருதாள் இங்கே வந்தாள். தவக்காலத்தில் எங்களைப் பார்க்க யாரையும் விடுவதில்லை. வாசலில் உட்கார்ந்து அழுத பெண்ணை மதர் திருப்பி அனுப்ப மாட்டாமல் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். பதினெட்டு வருஷம் கழித்து அவள் முகத்தைப் பார்க்கிறேன். வேலை போனதைப் பற்றி அவள் பேசவே இல்லை. "அமலி, என்னைய முருகன் வேண்டாம்னுட்டாருங் சிஸ்டர்" என்றாள். பேரும் சிஸ்டரும் அவள் வாயில் மாறி மாறி வந்தன. "நூத்திருவது பேரு நிக்கறப்போ, அவரு கண்ணுக்கு முன்னாலயே எடுத்தேன். மொதப் பொட்டலமே செவப்பு. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு தெரியலீங்க. நடக்கப் போறவங்க எல்லாம் மாலை போட்டுட்டாங்க. என்னைய யாரும் கூப்பிடலீங்க, நானும் போகலீங்க. வெளக்கு வெக்கறதையும் நிறுத்திட்டேன்." பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "உங்க சாமியாச்சும் என்னையச் சேத்துக்குமா?"

அண்ணா, நான் என்ன சொன்னேன் தெரியுமா? உங்கள் கடிதம் என் தலைக்கு மேல் மாடியில் ஓர் இழுப்பறையில் கிடக்க, நான் அவள் கையைப் பிடித்து, "காரணம் இல்லாம சாமி எதையும் செய்யாது மருதா, ஏத்துக்கோ" என்றேன். ஆறுதல் சொல்கிறேனாம். சரி சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். நீங்கள் கட்டிய பொட்டலத்தில் கடைசி முடிச்சைப் போட்டது நான். அந்தத் தண்டனையை அகராதியிலிருந்து எடுத்து உங்கள் கையில் கொடுத்தவளும் நான்தான். நேற்று அல்லேலூயா பாட வாய் வரவில்லை.

வேலை போனது பெரிதல்ல. அவளிடமிருந்து நாம் எடுத்தது வேறு. அந்த ஒன்பது பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வையுங்கள். என்னால் வாசல் தாண்ட முடியாது. உங்களால் முடியும்.

அமலி

*

அடைப்பு மடம்
30 ஏப்ரல் 2026

அண்ணா,

நலமா? இருபத்து நாலு நாளாகிவிட்டது. இது தவக்காலமும் இல்லை, திருவருகைக் காலமும் இல்லை. உங்கள் கடிதத்தை எந்த இழுப்பறையும் பிடித்து வைத்திருக்கவில்லை.

அமலி

*

ராயபுரம்
10 மே 2026, ஞாயிறு

அன்புத் தங்கைக்கு,

நான் உடம்புக்கு நலம். அண்ணிக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "பொட்டலத்தை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

உன் ஈஸ்டர் கடிதம் வந்ததிலிருந்து ஐந்து தடவை மருதாள் வீட்டுத் தெருமுனை வரை பைக்கில் போய்த் திரும்பினேன். ஒரு தடவை அவளே எதிரில் வந்து, "ஏனுங்கண்ணா இந்தப் பக்கம்?" என்று கேட்டாள். பெட்ரோல் போட வந்தேன் என்றேன். அந்தத் தெருவில் பெட்ரோல் பங்க் இல்லை.

சுலபமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று டீ நேரத்தில் நாலாம் பத்தின் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். அவர்கள் இப்போது வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. பூ எடுத்த அந்த வெள்ளிக்கிழமையிலிருந்தே அவரவர் மெஷினைப் பார்த்துத் தனியாகத்தான் சாப்பிடுகிறார்கள். நீ எழுதிய வாற்கோதுமை எனக்கு அப்போதுதான் விளங்கியது. முனீஸ் தலையைக் குனிந்துகொண்டு, "மிச்சத்தையும் பிரிங்கன்னு நாங்க கேட்டிருக்கணும் சார். எங்களுக்கு வரலையேன்னு இருந்துட்டோம்" என்றான். பத்து நிமிஷத்தில் குகன் என்னைக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்றார். என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மருதாள் அன்றைக்கு நடந்த அதே வழிதான், கேட் வரைக்கும் நிறைய தூரம்.

கஷ்டமானது அதற்கு முந்தின நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். வேறு ஏதோ கம்பெனியின் பனியன்களைக் குவித்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணா, ஊட்டுக்குள்ள வாங்க" என்று பனியன்களை ஒதுக்கி இடம் பண்ணினாள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள். சுவரில் முருகன் படம் பின்பக்கம் தெரியும்படி திருப்பி மாட்டியிருந்தது.

பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அதற்குப் பதிலாகப் பையைத் தரையில் கவிழ்த்தேன். "பிரிச்சுப் பாரும்மா" என்றேன்.

கையிலிருந்த கத்தரியாலேயே நூலை வெட்டி முதல் பொட்டலத்தைப் பிரித்தாள். அரளி காய்ந்து கறுத்திருந்தது, ஆனாலும் சிவப்பு என்று தெரிந்தது. இரண்டாவது. மூன்றாவது. அங்கே நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒன்றுவிடாமல் ஒன்பதையும் பிரித்து வரிசையாக வைத்தாள்.

"எல்லாமே செவப்புங்களே."

"ஆமாம்மா. பத்துமே செவப்பு. நான்தான் கட்டினேன். நீ எதை எடுத்திருந்தாலும் அதுதான் வந்திருக்கும்."

காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். துப்பினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்ப முருகன் என்னைய வேண்டாம்னு சொல்லலீங்களா?"

"இல்லம்மா."

"நெசமாலுமா?"

"நெசமா."

எழுந்து போய்ப் படத்தைத் திருப்பினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். "உன்னையப் போய்ச் சந்தேகப்பட்டுப்போட்டனே சாமி" என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டாள், அமலி. தப்புச் செய்தவன் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், அவள் மன்னிப்புக் கேட்கிறாள். வைகாசி விசாகத்துக்கு நடந்தே வருகிறேன் என்று அவரிடம் சொன்னாள். உத்திரத்துக்கு வராததை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். விளக்கைத் தேய்த்து எண்ணெய் விட்டுத் திரி போட்டு ஏற்றும்வரை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்புறம்தான் திரும்பினாள். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்கதானுங்களா? அப்பாடா! நான் சாமியின்னு அல்லவா நெனச்சுப்போட்டேன்."

அண்ணன்
அருள்குமார்